கிச்சாப் கோழியின் குடியுரிமை

வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர் பினாங்கு அங்காடிக் கடையில் தட்டுக் கழுவலாம், மேசை துடைக்கலாம், வெங்காயமும் உரிக்கலாம். சட்டியில் சார் கொய் தியாவ் கிண்ட மட்டும் கூடாது. உள்ளூர் உணவின் ருசி உள்ளூர்க் கையில்தான் இருக்க வேண்டும் என்று மாநில அரசு கொண்டுவந்த விதி இது. 2016 முதல் நடப்பில் இருக்கிறது. ஆசாம் லக்சா, பசெம்பூர், நாசி லெமாக் என்று நீளும் அந்தப் பட்டியலில் 2024இல் நாசி கண்டாரும் சேர்ந்தது.

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நாசி கண்டாரை உண்டாக்கியவர்களே வெளிநாட்டுத் தொழிலாளர்கள்தானே! இராமநாதபுரத்திலிருந்தும் கடையநல்லூர், தென்காசிப் பக்கமிருந்தும் கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம்கள், காவுதடியின் ஒரு முனையில் சோற்றுப் பானையும் மறு முனையில் குழம்புச் சட்டிகளுமாகத் தோளில் சுமந்து, ஜார்ஜ்டவுன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்கு விடியற்காலையில் விற்ற சாப்பாடு அது. காம்பெல் சாலையில் இன்றும் வரிசை நிற்கும் ஹமீதியா உணவகம் 1907இல் தொடங்கியது. அன்றைக்கு இந்த விதி இருந்திருந்தால், தோளில் தடியோடு நடந்த அத்தனை பேருக்கும் அபராதம் போட்டிருப்பார்கள்.

சிரித்து முடித்தபின் வேறொன்றும் தோன்றியது. ஓர் அரசாங்கம் ஓர் உணவைப் பார்த்து, ‘இது எங்களுடையது, வெளியாள் கைவைக்கக் கூடாது’ என்கிறது. அந்த உணவைக் கொண்டுவந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேறென்ன கிடைக்கும்? 2024 டிசம்பரில் யுனெஸ்கோவும் மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் ஏற்றியது. நாசி லெமாக்கோடு ரொட்டி சானாயும் தே தாரேக்கும் அதில் உண்டு. பரோட்டா நம்முடையது, தேநீரை ஆற்றுகிற கையும் நம்முடையது. இரண்டும் இப்போது நாட்டின் சொத்து. காலையில் மலாய்க்கார அதிகாரியும் சீன முதலாளியும் ஒரே குரலில் “அண்ணே, ரொட்டி ரெண்டு, குழம்பு பஞ்சிர்!” என்று கேட்கிறார்கள். அந்த நேரத்தில் மலேசிய அடையாளம் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தட்டுக்குக் கிடைத்த இந்த இடம் அதை நிரப்பியவனுக்குக் கிடைத்ததா என்பது தனிக் கணக்கு. 2017 டிசம்பரில் இந்திய முஸ்லிம் அமைப்புகள், தங்களையும் மண்ணின் மைந்தர்களாக, அதாவது பூமிபுத்ராக்களாக, ஏற்க வேண்டும் என்று அன்றைய பிரதமர் நஜிப்பிடம் கேட்டன. பரிசீலிப்பதாகச் சொன்னார். அடுத்த ஆண்டே ஆட்சி மாறியது. அரசியல் சட்டத்தின் 160ஆம் பிரிவின்படி இஸ்லாத்தைப் பின்பற்றி, வழக்கமாக மலாய் பேசி, மலாய் வழக்கங்களைக் கடைப்பிடிப்பவர் மலாய்க்காரர். அதனால் காவுதடி தூக்கியவரின் பேரன் ஒருவர் மலாய்க்காரராகவும், அவருடைய சித்தப்பா மகன் இந்தியராகவும் பதிவாகியிருக்கலாம். இருவர் வீட்டிலும் மீன் குழம்பு ஒன்றுதான்.

இதெல்லாம் கடை கண்ணியில், தீவில் நடந்த கதை. கடல் தாண்டிப் பெருநிலத்துக்கு வந்தால், தமிழன் இந்த நாட்டுக்காரனான வேறொரு கதை கிடைக்கும். எந்தப் பட்டியலிலும் ஏறாத கதை. அதற்குச் சரியான இடம் பத்து காவான்.

இன்றைக்குப் பத்து காவான் என்றால் பலருக்கும் நினைவு வருவது இரண்டாவது பாலம். 24 கிலோமீட்டர் நீளம், 2014 மார்ச்சில் திறந்தது. தீவின் பத்து மாவுங்கில் ஏறினால் இங்கே வந்து இறங்கலாம். இறங்கியதும் விளையாட்டரங்கம், ஐக்கியா, மைக்ரான், பாஸ்டன் சயின்டிபிக், லாம் ரிசர்ச் என்று கண்ணாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும். இந்த இடம் முன்பு ஆறுகள் சூழ்ந்த ஒரு தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புக் காடு. கீ ஹின் என்ற சீன ரகசியச் சங்கத்தின் தலைவர்களில் ஒருவரான தியோச்சியூ முதலாளி கௌ பூ ஆன் இங்கே கரும்பு போட்டுத்தான் செல்வாக்கோடு இருந்தார். வெல்லெஸ்லி மாநிலம் என்று வெள்ளைக்காரன் அழைத்த இந்தப் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் முதலில் வந்தார்கள். மலாயாவின் ரப்பர்க் கதை அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்துத் தொடங்குகிறது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. கங்காணி வழி ஆள் சேர்ப்பு 1938இல் இந்திய அரசின் தடையோடு நின்றது. அதற்குள் கரும்பு போய் ரப்பர் வந்து, அதன்பின் செம்பனையும் வந்துவிட்டது. தோட்டத்தின் பெயர் பங்குச் சந்தையில் மட்டும் செழிப்பாக இருக்கிறது: பத்து காவான் பெர்ஹாட் என்ற நிறுவனம்தான் கோலாலம்பூர் கெப்போங் என்னும் பெரிய தோட்ட நிறுவனத்தின் தலைமைப் பங்குதாரர். லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு அந்தப் பெயரில் ஒரு பங்குகூடக் கிடையாது.

அந்த லயத்து அடுப்பங்கரைதான் என் விஷயம்.

தோட்டத்துப் பெண் இருட்டோடு எழுந்து அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்குப் பசியாற ஏதாவது செய்துவைத்துவிட்டு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்கு ஓடுவாள். சம்பளம் மாதத்துக்கு ஒரு தரம். இடையில் அரிசி, பருப்பு, கருவாடு எல்லாம் கடன்தான். கடன் கொடுத்தது பெரும்பாலும் தோட்டத்து முனையிலிருந்த சீனர் கடை. 555 என்று அட்டையில் அச்சிட்ட சின்னப் புத்தகத்தில் கணக்கு எழுதிக்கொள்வார் கடைக்காரர். ஊரிலிருந்து வரும் சரக்கு எப்போதும் கிடைக்காது, கிடைத்தாலும் விலை. அந்தக் கடையில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவை கிச்சாப் எனும் சோயா சாறு, நெத்திலி, பெலாச்சான், மீஹூன். கடன் புத்தகத்தின் வழியாகத்தான் சீனச் சமையல் தமிழ் அடுப்புக்கு வந்தது என்பது என் எண்ணம். பண்பாட்டுப் பரிமாற்றம் என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்த 555 புத்தகத்தை ஒருமுறையாவது கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பிறந்ததுதான் கிச்சாப் கோழி. எண்ணெயில் பட்டை, சோம்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயமும் இஞ்சி பூண்டும் வதக்கி, மஞ்சள் தடவிய கோழியைப் போட்டுப் பிரட்டி, வெந்துவரும்போது கறுத்த கெட்டிக் கிச்சாப்பை ஊற்றிச் சுருள வைப்பார்கள். மேலே மிளகுத்தூள். சீனர் வீட்டில் இப்படித் தாளிக்க மாட்டார்கள். தஞ்சாவூரிலோ திருச்சியிலோ சோயா சாற்றைக் கோழிக் கறியில் கொட்டினால் சைனீஸ் கடைச் சமாச்சாரம் என்பார்கள். மலேசியத் தமிழர் வீட்டில் அது பாட்டி கைப்பக்குவம். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்ட மறுநாள், சுடுசோறும் ரசமும் கிச்சாப் கோழியும். இந்தியாவிலிருந்து வந்த விருந்தாளிக்கு முன்னால் அதை வைக்கும்போது மட்டும் சிலர் கொஞ்சம் கூசுவார்கள். ‘நம்ம சாப்பாடு’ என்று சொல்லித் தோசையை முன்னே நகர்த்துவார்கள். அந்தக் கூச்சத்தை நான் ஏற்பதில்லை. தோசை கப்பலில் வந்தது. கிச்சாப் கோழி இந்த மண்ணில் பிறந்தது.

ஜப்பான்காரன் காலத்தில் இந்த அடுப்பங்கரைக்கு வந்த சோதனை வேறு. அரிசி மறைந்து, மரவள்ளிக்கிழங்கே மூன்று வேளையும் ஆனது. தோட்டங்களிலிருந்து ஆண்களைச் சயாம் ரயில்பாதை போட இழுத்துப் போனார்கள், பெருந்தொகையானோர் திரும்பவில்லை. இன்றைக்கு விருப்பத்தோடு மரவள்ளி வடை சாப்பிடும் பேரப்பிள்ளைக்கு முன்னால், அந்தக் கிழங்கைத் தொட மறுக்கும் முதியவர்கள் பல குடும்பங்களில் இருந்திருக்கிறார்கள். இவ்வளவும் பட்டபின், 1957க்குப் பிறகும் கையில் சிவப்பு அடையாள அட்டையோடு நிரந்தரவாசியாகவே செத்துப்போனவர்கள் உண்டு. குடியுரிமைக்கான நீல அட்டை கேட்டு அலுவலகப் படியேறியவர்களிடம் பிறப்புச் சான்றிதழ், மலாய் மொழிச் சோதனை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானதும், இங்கேயே பிறந்து வளர்ந்த ஆயிரக்கணக்கானோர் பார்த்திராத ஊருக்குக் கப்பலேறினார்கள். சமையலைச் சோதித்துக் குடியுரிமை கொடுப்பதென்றால் நம்மவர்களில் ஒருவர்கூடத் தேறாமல் போயிருக்க மாட்டார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்காது.

1990களின் தொடக்கத்தில் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் பத்து காவான் தோட்ட நிலத்தை வாங்கிப் புதுநகரத் திட்டம் போட்டது. லயங்கள் போயின, பண்டார் காசியாவில் அடுக்கு வீடுகள் எழுந்தன. தோட்டம் துண்டாடப்பட்ட மற்ற இடங்களைப் போலவே இங்கும் தோட்டம் என்பது வேலை மட்டும் கிடையாது. வீடு, கோயில், பள்ளி, கடை, சுடுகாடு எல்லாம் ஒரே வேலிக்குள் இருந்தன. வேலி போனால் அத்தனையும் தனித்தனியாக நின்று தாக்குப்பிடிக்க வேண்டும்.

இப்படி எல்லாவற்றையும் இழந்த ஆத்திரம் வாக்குச்சீட்டில் தெரிந்த ஆண்டு 2008. முந்தைய நவம்பரில் இந்தியர் உரிமை கேட்ட ஹிண்ட்ராப் பேரணி கோலாலம்பூரை உலுக்கியிருந்தது. பத்து காவான் நாடாளுமன்றத் தொகுதியில் மாநில முதல்வர் கோ சு கூனைப் பேராசிரியர் பி. இராமசாமி தோற்கடித்தார். தோட்டத் தொழிலாளர் வரலாற்றையே ஆய்வாக எழுதியவர், ஒரு பழைய தோட்டத்தின் பெயர் தாங்கிய தொகுதியில் வென்று, பினாங்கின் இரண்டாம் துணை முதல்வரானார். மலேசியாவில் அந்த நிலைப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். 2023 வரை இருந்தார். அவருடைய அரசியல் குறித்து ஆயிரம் சண்டை போடலாம். அந்த வெற்றி தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்த நிமிர்வைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

நாட்டில் இந்தியர் இப்போது நூற்றுக்கு ஏழுக்கும் குறைவு. 2020 கணக்கெடுப்பில் 6.7. சுதந்திரத்தின்போது பதினொன்றுக்குப் பக்கத்தில் இருந்தோம். விகிதம் குறையக் குறையத் தட்டு மட்டும் பெரிதாகிக்கொண்டே போகிறது. ஐக்கியாவில் சுவீடன் இறைச்சி உருண்டையோடு கறிபாப்பும் விற்கிறது. மாமாக் மீ கோரெங் எல்லாருக்கும் சொந்தம். கடைச் சாப்பாட்டை நினைத்து நான் கவலைப்படவில்லை. அதைக் காக்க முதலாளிகள் இருக்கிறார்கள், சங்கங்கள் இருக்கின்றன, விதிகூட இருக்கிறது. கிச்சாப் கோழிக்கு யார் இருக்கிறார்கள்? லயத்துப் பெண்ணின் மகள் இன்று தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறாள். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவளிடம் ‘பாட்டி மாதிரி சமை’ என்று சொல்லும் ஆணை முதலில் அடுப்பங்கரைக்கு அனுப்ப வேண்டும். அவள் கைப்பேசியில் நாசி கண்டார் வரவழைக்கிறாள். நியாயம்தான். ஆனால் அரசு மரபுப் பட்டியல்கள் தயாரிக்கும்போது கடைகளையும் அங்காடிகளையும்தான் சுற்றுகிறது. அடுக்குமாடி வீட்டுக் கதவைத் தட்டி, எண்பது வயது அம்மாவிடம் ‘கிச்சாப் எப்போது ஊற்றுவீர்கள்’ என்று கேட்க ஆள் இல்லை. மாநிலத்தில் 28 தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. பத்து காவான் தோட்டத் தமிழ்ப் பள்ளி அதில் ஒன்று, தோட்டம் போன பின்னும் பெயரில் தோட்டத்தை வைத்திருக்கிறது. பாட்டியிடம் கேட்டு எழுதிவரச் சொல்லி ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு விடுமுறைப் பாடம் கொடுத்தால் போதும், ஒரே ஆண்டில் நல்ல நூல் ஒன்று சேர்ந்துவிடும். மானியம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டிய வேலையே இல்லை.

கோயில்கள் இதில் கொஞ்சம் முன்னால் இருக்கின்றன, தெரிந்தோ தெரியாமலோ. திருவிழா அன்னதானத்தில் சாம்பார் சாதத்துக்குப் பக்கத்திலேயே சைவ மீஹூன் வைப்பது இங்கே சாதாரணம். தைப்பூச ரதத்துக்கு முன்னால் மலைமலையாகத் தேங்காய் உடைக்கும் சீனர்களும் வரிசையில் நிற்பார்கள். யாரும் அதை நல்லிணக்கம் என்று சொல்லிக்கொள்வதில்லை. மீஹூன் தீர்ந்துவிடுமோ என்ற கவலைதான். தமிழகத்திலிருந்து வேலை அனுமதியில் வந்திருக்கும் குருக்கள் முதல் திருவிழாவில் அந்தத் தட்டைப் பார்த்துத் தயங்குவார். பிரசாதத்தில் நூடுல்ஸா என்று முகத்தில் எழுதியிருக்கும். “சாப்பிடுங்க சாமி, நம்ம சாப்பாடுதான்” என்பார் பரிமாறும் அக்கா. அனுமதி முடிந்து ஊர் திரும்புவதற்குள் அவரே மிளகாய் அரைத்தது கூடக் கொஞ்சம் போடச் சொல்லிக் கேட்பார்.