பிறந்த மண்ணும் ஓவியன் தூரிகையும்

கண்ணாற் கண்டதைக் கையால் எழுதுவதே ஓவியம் என்பர். அஃது உண்மையின் ஒரு பாதியே. கண்ட இடத்தோடு பழகி, அதனை நேசித்த உள்ளமும் கூடினாலன்றி ஓவியம் உயிர் பெறுவதில்லை. இதனை விளக்க, ஏறக்குறைய ஒத்த வயதினரான ஆங்கில ஓவியர் இருவரை எடுத்துக்கொள்வோம். அவருள் ஒருவர் நம் துறைமுகத்தையே வரைந்தவர்.

1775ஆம் ஆண்டிற் பிறந்த சாமுவேல் டானியல் தென்னாபிரிக்காவிற் பயணஞ் செய்தபின் இலங்கைக்கு வந்தார். ஒஸ்டன்பேர்க் கோட்டையிலிருந்து அவர் வரைந்த திருக்கோணமலைத் துறைமுகக் காட்சி, 1808இல் வெளியான அவரது இலங்கைப் படத்தொகுதியில் இடம்பெற்றது. கைத்திறனிற் குறைவில்லை, எனினும் அது குன்றேறி நின்று வியந்த விருந்தினரின் பார்வையே.

1776இற் பிறந்த யோன் கொன்ஸ்டபிளோ சபொக் மாகாணத்து ஆலைக்காரர் ஒருவரின் மைந்தர். ஸ்ரூர் நதியும் தந்தையாரின் ஆலையுமே அவருக்கு உலகம். காற்றாடி ஆலையிற் பழகியவராதலின் முகிலின் போக்கை நன்கறிவார். முகில்களை வரைந்த தாள்களின் பின்புறத்தில் நாளும் நேரமும் காற்றின் திசையும் குறித்துவைத்தார். 1821இற் காட்சிக்கு வைத்த 'வைக்கோல் வண்டி' என்னும் புகழ்பெற்ற ஓவியத்தை அவர் வரைந்தது ஊரிலன்று, இலண்டனில். முன்னர் ஊரில் எழுதிய சிற்றோவியங்களும் நெஞ்சில் நின்ற நினைவுமே துணையாயின. 1824இற் பாரிசு நகரில் அதற்குப் பொற்பதக்கங் கிடைத்தது.

அன்பு என்பது வெறும் ஏக்கமன்று. நெடுநாட் பழக்கத்தால் விளைந்த அறிவு என்பதே இதனாற் பெறப்படும். அவ்வகை அறிவு நம்மவர்க்கும் உண்டு. சுவாமிமலைக்கு அப்பாற் கடலில் எழும் ஞாயிறு, மாலையில் உட்துறைமுகத்துக்கு அப்பாலுள்ள குன்றுகளில் மறைவதை நாம் அறிவோம். வாடையில் வெளிக்கடல் கொந்தளிக்க, உட்துறை குளம்போல் அடங்கிக் கிடக்கும். கச்சான் வீசும் மாதங்களிற் கரை காய, கிழக்குக் கடல் பளிங்காகும். தம்பலகாமத்து வயலின் பச்சை விதைப்பிலொன்று, கதிரிலொன்று. ஒருநாள் வந்து செல்பவர் இவற்றுள் ஒன்றையே காண்பார். இங்கு வளர்ந்தவர் அனைத்தையுங் காண்பார்.

பழைய மாணவரிற் பலர் இன்று கடல்கடந்து வாழ்கின்றனர். தொலைவு ஓவியத்துக்குத் தடையன்று என்பதற்குக் கொன்ஸ்டபிளே சான்று. ஆனால், அவர் ஊரிலிருந்த காலத்திற் கூர்ந்து நோக்கிக் குறித்துவைத்தார் என்பதை மறத்தலாகாது. ஆகவே, இன்று வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் மாணவர்காள்! ஒரு சிறு குறிப்பேட்டுடன் கடற்கரைக்குச் செல்லுங்கள். இன்றைய காற்றையும் நீரின் நிறத்தையும் எழுதிவையுங்கள். எங்கு வாழ நேரினும் அவ்வேடு உங்கள் ஊரை உங்களுக்கு மீட்டுத் தரும்.