மடிக்கணினி இரைகிறதா? வாயை மூடாதீர்கள், காரணம் தேடுங்கள்

புதிதாக வாங்கிய மடிக்கணினி இருக்கும் இடமே தெரியாது. ஈராண்டு கழிந்ததும், இரவில் பிள்ளை இடுபணி எழுத உட்கார்ந்தால் வீட்டில் மற்றவர்கள் தூங்க முடியாத அளவுக்கு இரையத் தொடங்கிவிடுகிறது. சத்தத்தை அடக்க அதைத் தலையணை மேல் வைப்பவர்கள் உண்டு. விசிறியின் வேகத்தைக் குறைக்கும் மென்பொருளைத் தேடுபவர்களும் உண்டு. இரண்டுமே கணினியின் மூச்சை அடைக்கும் வேலை. சூடு எல்லை மீறினால் கணினி தானாகவே அணைந்துவிடும். சேமிக்காத இடுபணியும் அதோடு போய்விடும்.

செயலியில் உண்டாகும் சூட்டைச் செம்புக் குழாய் ஒன்று ஓரத்திலுள்ள மெல்லிய உலோகத் தகடுகளுக்குக் கொண்டு செல்கிறது. விசிறி, பெரும்பாலும் அடிப்பக்கத் துளைகள் வழியே காற்றை இழுத்து, அத்தகடுகளின் ஊடே வெளியே தள்ளுகிறது. தூசி அதிகம் சேரும் இடம் விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவில்தான். அங்கே அது கம்பளித் துணிபோல் படிந்துவிடும். காற்றுக்கு வழியில்லாததால் சூடு ஏறும். சூடு ஏற ஏற விசிறி இன்னும் வேகமாகச் சுழலும். விசிறியின் வேகம் இருமடங்கானால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபெல் கூடும் என்பது பொறியாளர்களின் கணக்கு. வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே சுமார் 5 டெசிபெல் தணியும்.

நம் நாட்டு வெயிலும் இதில் சேர்ந்துகொள்கிறது. பல மடிக்கணினிகள் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான அறை வெப்பத்துக்கே வடிவமைக்கப்படுகின்றன. குளிர்சாதனம் இல்லாத அறையில் மதிய வேளை அந்த எல்லையை நெருங்கிவிடும். சாமி மேடைக்குப் பக்கத்தில் சாம்பிராணிப் புகை, சமையலறைக்குப் பக்கத்தில் தாளிக்கும் புகை! இவை பட்ட தூசி பிசுபிசுத்துவிடும். ஊதினாலும் எளிதில் போகாது.

சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும். 'உஸ்' என்ற ஒரே சீரான இரைச்சல் என்றால் சூடும் தூசியும்தான் காரணம். 'கரகர' என்று கேட்டாலோ, கையை வைத்தால் அதிர்வு தெரிந்தாலோ விசிறியின் தாங்கி தேய்ந்திருக்கலாம். அல்லது ஓர் இறக்கையில் மட்டும் அழுக்கு ஒட்டிச் சமநிலை கெட்டிருக்கலாம். கணினியைக் கையில் தூக்கிப் பாருங்கள். சத்தம் பெருமளவு குறைந்தால் மேசைதான் மத்தளமாக இருந்து அதிர்வைப் பெருக்குகிறது என்று பொருள். கழன்று விழுந்த ரப்பர் காலை மாற்றி, அடியில் காற்றுத் துளைகளை மறைக்காமல் ரப்பர் துண்டுகளை வைத்தால் போதும்.

தூசியை ஊதும்போது கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றிவிட வேண்டும். அழுத்தக் காற்றில் விசிறி தாறுமாறாகச் சுழன்றால் தாங்கி கெட்டுவிடும். பல்குச்சியால் இறக்கையை அசையாமல் பிடித்துக்கொண்டு, விட்டுவிட்டு ஊதுவதே முறை. வீட்டுத் தூசி உறிஞ்சி வேண்டாம். அதில் உண்டாகும் நிலைமின்சாரம் மின்பாகங்களைப் பாதிக்கலாம். திறந்து பார்க்கும் துணிவு இல்லாதவர்கள், உத்தரவாதக் காலம் முடியாதவர்கள் கடையிலேயே கொடுப்பது நல்லது. தேய்ந்த தாங்கிக்கு எண்ணெய் விட்டால் சில நாள் அமைதி கிடைக்கும், அவ்வளவுதான். விசிறியை மாற்றுவதே தீர்வு.

கணினி மேசையில் சமமாக உட்காராமல் ஆடினால், அடிப்பகுதி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் அது விசிறியின் கோளாறாக இருக்காது. உள்ளே மின்கலன் வீங்கியிருக்கக்கூடும். மின்னேற்றாமல், குத்தாமல், அழுத்தாமல் அன்றைக்கே பழுதுபார்ப்பவரிடம் கொண்டு போக வேண்டும்.