யுனிவர்சலா, லெகோலேண்டா? டிக்கெட் போடும் முன் பிள்ளையின் உயரத்தை அளந்துடுங்க!

‘4 பேர், 5 நாள், சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸ், மாதம் வெறும் சில ஆயிரம் இஎம்ஐ.’ ரீல்ஸில் இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் படாத நாளே இல்லை. போனஸ் வந்த வாரம் என்றால் கேட்கவே வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்க்கும் பிள்ளையோ, “அப்பா, நாம எப்போ போறோம்?” என்று ஆரம்பித்துவிடும்.

போகலாம், தப்பில்லை. கடன் வாங்காமலும் போக முடியும். ஆனால் பெரும்பாலான குடும்பங்கள் தீம் பார்க் டிக்கெட் விலையில் கணக்கைத் தொடங்குகின்றன. மொத்தச் செலவில் அது சின்னப் பகுதிதான். பணம் கரைவதும் மிச்சமாவதும் வேறு மூன்று முடிவுகளில்: பிள்ளையின் உயரத்துக்கு எந்தப் பார்க், எந்த வாரம் போவது, எந்த நாட்டுக்குள் நுழைவது.

உதாரணத்துக்கு ஒரு குடும்பம். அப்பா, அம்மா, 6 வயதில் 115 செ.மீ. உயரமுள்ள மகள், 3 வயது மகன். இவர்களை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

டேப் எடுங்க, சுவரோரம் நிறுத்துங்க

தீம் பார்க்கில் ரைடு வாசலில் நிற்கும் ஊழியர் வயதைக் கேட்க மாட்டார், அளவுகோலைத்தான் காட்டுவார். சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸின் பெரிய ஈர்ப்பான ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ இரட்டை ரோலர் கோஸ்டரில் ஏற 125 செ.மீ. வேண்டும். இருட்டுக்குள் பாயும் ‘ரிவெஞ்ச் ஆஃப் தி மம்மி’க்கு 122. ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ ரைடுக்கு 102 போதும்.

நம் உதாரணக் குடும்பத்தின் மகளுக்கு டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஓகே. மற்ற இரண்டும் கிடையாது. மகனுக்கு மூன்றுமே கிடையாது. எந்த ரைடின் வீடியோவைப் பார்த்து டிக்கெட் போட்டார்களோ, அதே ரைடுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். அப்போது பிள்ளை அழும் அழுகை இருக்கிறதே, அதற்கு எந்த ஐஸ்க்ரீமும் சமாதானம் சொல்லாது.

பெற்றோருக்காவது ஒரு வழி உண்டு. ஒருவர் ரைடு போக, இன்னொருவர் பிள்ளையோடு காத்திருந்து, பிறகு மறுபடி முழு வரிசையில் நிற்காமல் மாறி ஏறிக்கொள்ளும் ‘சைல்ட் ஸ்வாப்’ வசதி பெரிய பார்க்குகளில் இருக்கிறது. ரைடு வாசலில் கேட்டால் சொல்வார்கள். கேட்காவிட்டால் பல நேரம் சொல்ல மாட்டார்கள்.

அதே 115 செ.மீ. மகளை ஹாங்காங் டிஸ்னிலேண்டுக்குக் கூட்டிப் போனால் கதை வேறு. அங்கே ‘ஹைப்பர்ஸ்பேஸ் மவுன்டன்’ கோஸ்டருக்கு 102, ‘பிக் கிரிஸ்லி மவுன்டன்’ கோஸ்டருக்கு 112 செ.மீ. இரண்டிலும் ஏறிவிடலாம். 2023 நவம்பரில் திறந்த ‘வேர்ல்ட் ஆஃப் ஃப்ரோஸன்’ பகுதி, எல்சா பைத்தியம் பிடித்த வயதுக்குச் சரியான தீனி.

மலேசியாவின் ஜொகூரில் 2012-ல் திறந்த லெகோலேண்ட், 2 முதல் 12 வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்தே கட்டப்பட்டது. குட்டிக் கார் ஓட்டும் ‘டிரைவிங் ஸ்கூல்’ அங்கே பிள்ளைகளின் செல்ல இடம். லெகோ கட்டைகளில் கட்டிய பெட்ரோனாஸ் கோபுரமும் தாஜ்மகாலும் பக்கத்தில் நின்று படம் எடுக்க. கல்யாணமாகாத 25 வயதுக்காரருக்கு அரை நாளில் போரடித்துவிடும். 3 வயது, 6 வயது இரண்டும் இருக்கிற வீட்டுக்கு யுனிவர்சலைவிட இதுதான் பொருத்தம். பிள்ளைகள் 125 செ.மீ.யைத் தாண்டிய பிறகு யுனிவர்சல் போனால் கொடுக்கிற காசுக்கு முழுசாக அனுபவிக்கலாம். அதுவரை அது பெரும்பாலும் பெற்றோரின் ஆசை. பிள்ளை பெயரில் போகிற பயணம்.

விமானத்துக்கு ஒரு வயது, பார்க்குக்கு ஒரு வயது

விமானத்தில் 2 வயது நிறையும் வரைதான் மடியில் வைத்துக் குறைந்த கட்டணத்தில் போகலாம். அதன்பின் தனி சீட். பட்ஜெட் விமானங்களில் பிள்ளைக்கும் ஏறக்குறைய பெரியவர் கட்டணம்தான். பயணத்துக்கு நடுவில் 2 வயது நிறைந்தாலும் திரும்பி வரத் தனி சீட் எடுக்க வேண்டும். ஆனால் சிங்கப்பூர் யுனிவர்சலில் 4 வயதுக்குக் கீழ் இலவசம், ஹாங்காங் டிஸ்னியில் 3 வயதுக்குக் கீழ் இலவசம்.

பயண வர்த்தகத்தின் இந்த முரண்பாட்டை எண்களில் பாருங்கள். யுனிவர்சலில் பெரியவருக்குச் சுமார் 80 சிங்கப்பூர் டாலர், பிள்ளைக்குச் சுமார் 60. மகன் இலவசம் என்பதால் நம் குடும்பத்துக்கு 220 டாலர். டாலருக்கு 70 ரூபாய் என்று வைத்தால் 15,400 ரூபாய். விமானத்திலோ 4 சீட். போக வர ஒருவருக்கு 18,000 என்றே வைத்துக்கொண்டாலும் 72,000. டிக்கெட்டில் 10 சதவீத கூப்பன் தேடி ஓர் இரவு முழுக்க விழித்திருப்பவர், விமானத் தேதியை மூன்று நாள் நகர்த்திப் பார்த்திருந்தால் அதைப்போலப் பல மடங்கு மிச்சம் பிடித்திருக்கலாம்.

பாட்டி, தாத்தாவும் வருகிறார்களா? பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். சிங்கப்பூர் யுனிவர்சலில் 60 வயதைத் தாண்டியவர்களுக்குத் தனி விலை உண்டு, ஹாங்காங் டிஸ்னியிலும் மூத்தவர்களுக்குத் தனி விலை உண்டு.

எந்த வாரம்?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. நம் பள்ளி விடுமுறை மட்டும் பார்த்தால் போதாது. அவர்களின் விடுமுறையையும் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் மே மாதம் பள்ளிகள் மூடியிருக்கும். சிங்கப்பூர் பள்ளிகளுக்கு அரையாண்டு விடுமுறை தொடங்குவது மே கடைசியில்தான். சீனாவின் மே தின விடுமுறைக் கூட்டமும் முதல் வாரத்தோடு வடிந்துவிடும். ஆக, மே இரண்டாவது, மூன்றாவது வாரத்தின் செவ்வாய், புதன், வியாழன் நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். இடையில் வரும் விசாகப் பண்டிகை நீள் வாரயிறுதியை மட்டும் தவிர்த்துவிட வேண்டும். வெயில் இருக்கும்தான். சென்னை மே மாதத்தைப் பார்த்தவர்களுக்கு அது ஒன்றும் பெரிய விஷயமில்லை.

காலாண்டு விடுமுறை சிக்கலானது. அக்டோபர் 1-ல் தொடங்கும் சீன தேசிய நாள் விடுமுறை வாரத்தில் ஹாங்காங் போவது, தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு ரங்கநாதன் தெருவுக்குப் போவது மாதிரி. அதே பருவத்தில் சிங்கப்பூரில் ஃபார்முலா 1 பந்தயம் நடக்கும் வாரயிறுதியில் ஹோட்டல் விலை எகிறிவிடும்.

டிசம்பர் அரையாண்டு விடுமுறைதான் எல்லாவற்றிலும் மோசம். சிங்கப்பூர் பள்ளிகள் நவம்பர் நடுவிலிருந்து ஆண்டு இறுதிவரை மூடியிருக்கும். கிறிஸ்துமஸ் கூட்டம் வேறு. ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் அது வடகிழக்குப் பருவமழைக் காலம். மின்னல் வெட்டினால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். அதிக விமானக் கட்டணம், அதிக ஹோட்டல் வாடகை கொடுத்து, ரெயின்கோட் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பது யாருக்குத் தேவை?

விசா: இங்கே ஒரு 8,400 ரூபாய்

சிங்கப்பூர் விசாவுக்குத் தலைக்கு 30 டாலர். அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் மூலம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் அவர்களின் கட்டணம் தனி. 4 பேருக்கு 120 டாலர், அதாவது ஏஜென்ட் கட்டணம் இல்லாமலே 8,400 ரூபாய். விசா கிடைக்காவிட்டாலும் இந்தப் பணம் திரும்பாது.

மலேசியாவோ 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதி தருகிறது. இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. அங்கிருந்து பஸ்ஸிலோ உள்நாட்டு விமானத்திலோ ஜொகூர் போய் லெகோலேண்ட் பார்க்கலாம். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் கோலாலம்பூர் பக்கத்திலேயே, பழைய ஈயச் சுரங்கக் குழியில் எழுந்த சன்வே லகூன் இருக்கிறது. 2022-ல் திறந்த கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ் மலைமேல் இருக்கிறது, குளுகுளுவென்று.

ஹாங்காங்குக்கு ஆன்லைனில் முன்பதிவுப் படிவம் நிரப்பினால் 14 நாள் வரை தங்கலாம். அது இலவசம். பிள்ளைகள் உட்பட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நிரப்ப வேண்டும்.

‘சிங்கப்பூரும் லெகோலேண்டும் ஒரே பயணத்தில்’ என்ற பேக்கேஜ் நிறைய ஓடுகிறது. வரைபடத்தில் பார்த்தால் ஒரு பாலம்தான் நடுவில். ஆனால் அந்தப் பாலத்தின் இரண்டு முனையிலும் இமிகிரேஷன். வெள்ளி மாலையும் ஞாயிறு இரவும் அங்கே மணிக்கணக்கில் நிற்க நேரிடும், தூங்கி வழியும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு. சிங்கப்பூர் விசா பலமுறை நுழையும் அனுமதி உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். ஒருமுறை நுழைவு என்றால் லெகோலேண்ட் போனவர் சிங்கப்பூருக்குத் திரும்ப முடியாது.

இரு நாடுகளுக்கும் டிஜிட்டல் வருகை அட்டை, வந்து சேர்வதற்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும். அரசுத் தளங்களில் இதற்குக் கட்டணமே கிடையாது. கூகுளில் தேடும்போது மேலே வரும் சில தனியார் தளங்கள் இதற்கே பணம் வாங்கிவிடும், உஷார்.

பாஸ்போர்ட்டையும் இப்போதே திறந்து பாருங்கள். பெரியவர்களுக்கு 10 வருடம் செல்லும் பாஸ்போர்ட், சின்னப் பிள்ளைகளுக்கு 5 வருடம்தான். ஒரு வயதில் எடுத்தது 6 வயதில் காலாவதி. இதில் 6 மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேறு. ஏர்போர்ட் கவுன்டரில் தெரியவந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

கார்டு தேய்க்கும்போது

பல கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 2 முதல் 3.5 சதவீதம் மார்க்அப், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஒரு லட்சம் செலவழித்தால் 3.5 சதவீத கார்டில் 4,130 ரூபாய் சத்தமில்லாமல் போய்விடும். மார்க்அப் இல்லாத கார்டோ ஃபாரெக்ஸ் கார்டோ இருந்தால் இது மிச்சம். கடையில் மெஷினை நீட்டி “ரூபாயிலா, டாலரிலா?” என்று கேட்டால் அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்று சொன்னால் அவர்கள் வைக்கிற மாற்று விகிதம்தான்.

டூர் நிறுவனத்தில் பேக்கேஜ் எடுத்தால் பில்லில் டிசிஎஸ் என்று ஒரு தொகை சேரும். விகிதம் பட்ஜெட்டில் மாறுகிறது. ஆனால் இது போன பணமல்ல. வருமான வரி தாக்கலில் கழித்துக்கொள்ளலாம், ரீஃபண்டாகவும் வரும். பேக்கேஜ் விலையையும் சொந்தமாகப் போகும் செலவையும் ஒப்பிடும்போது இதைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

இஎம்ஐ? வட்டியில்லா இஎம்ஐ என்றாலும் பிராசஸிங் கட்டணம் எவ்வளவு, அதன்மேல் ஜிஎஸ்டி எவ்வளவு என்று கேளுங்கள். மேலே சொன்ன வாரத்தையும் நாட்டையும் மாற்றினாலே பல வீடுகளில் கடன் வாங்க வேண்டிய அவசியம் குறைந்துவிடும்.

முதல் நாள் பார்க் வேண்டாம்

நம் ஊரிலிருந்து கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பல விமானங்கள் நள்ளிரவை ஒட்டிக் கிளம்பி விடியற்காலை இறங்குகின்றன. கடிகாரம் வேறு இரண்டரை மணி நேரம் முன்னே ஓடும். ஹோட்டலில் ரூம் கிடைப்பது மதியம் 2 அல்லது 3 மணிக்கு. ‘ஒரு ராத்திரி வாடகை மிச்சம்’ என்று அன்றைக்கே பார்க் டிக்கெட் போட்டவர்களின் பிள்ளைகள், 11 மணிக்கே ஸ்ட்ரோலரில் தூங்கிவிடுவார்கள். அன்று பையை ஹோட்டலில் ஒப்படைத்துவிட்டு பிரிக்ஃபீல்ட்ஸிலோ லிட்டில் இந்தியாவிலோ இட்லி சாப்பிட்டு, மதியம் நீச்சல் குளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பார்க் மறுநாள், வாசல் திறக்கும்போதே. பெரிய ரைடுகளின் வரிசை அந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் குட்டையாக இருக்கும்.