ஒரு காவற் கப்பலும் ஒரு நாவலும்: ‘கம்பானுலா’வின் போர்க்காலச் சேவை பற்றிச் சில குறிப்புகள்

இரண்டாம் உலக யுத்தத்தில் அத்திலாந்திக் சமுத்திரத்தில் நிகழ்ந்த கடற்போர் பற்றிப் பொதுவாசகர் கொண்டுள்ள எண்ணத்தை உருவாக்கியதில் வரலாற்று நூல்களைக் காட்டிலும் ஒரு நாவலுக்கே அதிக பங்குண்டு. நிக்கலஸ் மொன்சராட் எழுதி 1951இல் வெளியான அந்நாவலின் பெயர், தமிழிற் கூறின், ‘கொடிய கடல்’. 1953இல் அது திரைப்படமாகியது. நாவலில் வரும் ‘கொம்பஸ் ரோஸ்’ என்னும் கப்பல் கற்பனை. ஆயின் நாவலாசிரியர் பணிபுரிந்த ‘கம்பானுலா’ கற்பனையன்று. அக்கப்பல் செய்த சேவை யாது, அச்சேவை இலக்கியமாக மாறியபோது எவை எஞ்சின, எவை விடுபட்டன என்பனவற்றையே இங்கு நோக்க விரும்புகின்றோம்.

கம்பானுலா ‘மலர்’ வகுப்பைச் சேர்ந்த ஒரு கோர்வெட். ஆங்கிலக் கடற்படையிலிருந்த அவ்வகுப்புக் கப்பல்கள் பெரும்பாலும் பூக்களின் பெயரைத் தாங்கின. போர்க்கப்பலுக்குப் பூவின் பெயரிடுவது ஆங்கிலக் கடற்படையின் நகைச்சுவைகளுள் ஒன்று போலும். பெயர் மென்மையானதாயினும் கப்பலின் பூர்வீகம் கரடுமுரடானது. மிடில்ஸ்பரோவுக்கு அண்மையிலிருந்த ஸ்மித்ஸ் டொக் நிறுவனத்தில் வில்லியம் ரீட் என்பவர் வரைந்த இவ்வமைப்பு, திமிங்கில வேட்டைக்கெனக் கட்டப்பட்ட ‘சதேர்ண் பிறைட்’ என்ற கப்பலை அடியொற்றியது. பிரித்தானிய அட்மிரல்டி, வேட்டைக் கப்பலொன்றின் உருவத்தை நாடியதற்குப் பொருளாதாரக் காரணம் இருந்தது. பெரிய கப்பற்றளங்கள் யாவும் பெரிய போர்க்கப்பல்களைக் கட்டுவதில் முடங்கியிருந்தன. சுழலிகளையும் அவற்றுக்கான பற்சக்கரங்களையும் செய்யும் ஆலைகளோ மிகச் சில. எனவே போர்க்கப்பல் கட்டிப் பழக்கமில்லாத சிறு தளங்களாலும் கட்டக்கூடிய, வணிகக் கப்பலில் வேலை செய்த எந்த இயந்திரத் தொழிலாளியும் இயக்கக்கூடிய பழைய முறை நீராவி எஞ்சினைக் கொண்ட ஒரு கப்பல் வேண்டப்பட்டது. கம்பானுலாவைக் கட்டியவர்கள் ஸ்கொத்லாந்தின் பெய்ஸ்லி நகரத்து ஃபிளெமிங் அன்ட் ஃபேர்குசன் தளத்தினர். ஆற்று முகங்களிற் சேறு தோண்டும் கப்பல்களைக் கட்டுவதே அவர்களது வழமையான தொழில். 1940 மே மாதத்தில் நீரில் இறக்கப்பட்ட கப்பல் அவ்வாண்டு செப்டெம்பரில் சேவைக்கு வந்தது.

நீளம் 205 அடி. எடை 925 தொன். வேகம் மணிக்கு 16 கடல் மைல். ஜேர்மன் நீர்மூழ்கிகளுட் பெரும்பான்மையானவை நீரின் மேல் இதனிலும் ஒரு மைல் விரைவாகவே ஓடக்கூடியவை. அதாவது வேட்டையாட வந்த கப்பல், வேட்டையிலும் பார்க்க மெதுவானது. ஒற்றை நாலங்குலப் பீரங்கியும், ஆழ்நீர்க் குண்டுகளும், நீருக்கடியில் ஒலியலையை அனுப்பி எதிரொலி கேட்கும் ‘அஸ்டிக்’ கருவியுமே அதன் ஆயுதங்கள். அஸ்டிக் நீரினுள் உள்ளதையே அறியும். இரவில் மேற்பரப்பில் வந்து தாக்கும் நீர்மூழ்கிக்கு அது குருடு. கப்பல் சிறியதாகவும் குட்டையாகவும் இருந்தமையால் அலைகளைப் பிளந்து செல்லாது, ஒவ்வோர் அலைமீதும் ஏறி இறங்கியது. மாலுமிகள் தூங்கும் முன்பகுதிக்கும் பின்னாலிருந்த சமையலறைக்கும் இடையே திறந்த தளம் கிடந்தது. உணவைச் சுமந்து வருபவன் நனையாமலோ, உணவு ஆறாமலோ வந்து சேர்வது அரிது. ஈரம் உலராத உடையோடு, நான்கு மணி நேரக் காவலுக்குப்பின் நான்கு மணி நேர ஓய்வு என்ற முறை, நாட்கணக்கிலன்றி வாரக்கணக்கில் நீடித்தது. வீரம் பற்றிப் பேசுவோர் முதலில் இதனை மனங்கொளல் வேண்டும். காவற் சேவையின் பெரும்பகுதி போரன்று. அது உழைப்பு.

போராக அது மாறிய சந்தர்ப்பங்களுள் 1941 ஓகஸ்டில் நிகழ்ந்ததைச் சற்று விரிவாக நோக்கலாம். லிவர்ப்பூலிலிருந்து ஓகஸ்ட் 13ஆந் திகதி ஜிப்ரோல்டருக்குப் புறப்பட்ட ‘ஓ.ஜி. 71’ என்ற வணிகக் கப்பற்றொடருக்குக் காவலாகச் சென்றவற்றுள் கம்பானுலாவும் ஒன்று. அதில் மொன்சராட்டும் இருந்தார். பிரெஞ்சுக் கரையிலிருந்து பறந்த ஜேர்மன் தூரப் பறப்பு விமானங்கள் தொடரைக் கண்டு நீர்மூழ்கிகளுக்கு வழிகாட்டின. 19ஆந் திகதி அதிகாலையில் நோர்வேஜிய மாலுமிகள் இயக்கிய ‘பாத்’ என்ற நாசகாரிக் கப்பல் மூழ்கியது. அதே இரவில் ‘அகிலா’ மூழ்கியது. அதில் ஜிப்ரோல்டரில் இரகசியக் குறியீட்டு, வானொலிப் பணிகளுக்கெனத் தாமாகவே முன்வந்த பெண்கள் கடற்படைச் சேவையினர் 21 பேரும் ஒரு தாதியும் இருந்தனர். ஒருவரும் மீளவில்லை. அகிலாவிலிருந்து தப்பிய சிலரை ஏற்றிய ‘எம்பயர் ஓக்’ என்ற இழுவைக் கப்பலும் மூன்று நாட்களின்பின் தாக்கப்பட்டது. இருமுறை மூழ்கிய மனிதரின் கதை இது. 23ஆந் திகதி கம்பானுலாவின் உடன்பிறப்பெனத் தக்க ‘ஸினியா’ என்ற கோர்வெட் டோர்ப்பிடோவினால் தாக்குண்டு சில கணங்களில் மறைந்தது. எண்ணெய் படர்ந்த நீரிலிருந்து கம்பானுலா மனிதர்களை மீட்டது. மொத்தம் எட்டு வணிகக் கப்பல்களும் இரு காவற் கப்பல்களும் அழிந்தன. எஞ்சியவற்றுட் பெரும்பாலானவை நடுநிலை நாடாகிய போர்த்துக்கலின் லிஸ்பன் துறைமுகத்தில் அடைக்கலம் புகுந்தன. நீர்மூழ்கி ஒன்றுகூட மூழ்கடிக்கப்படவில்லை.

இதனை மாலுமிகளின் தவறென்று கூறுவதற்கில்லை. தொடருக்கு வேண்டியிருந்தது உடன்செல்லும் விமானம். அடுத்த மாதம் சென்ற ‘ஓ.ஜி. 74’ தொடருக்கே ‘ஓடாசிற்றி’ என்ற சிறு விமானந்தாங்கி முதன்முதலாகக் காவலாகச் சென்றது. தாமதத்தின் விலையை, தீர்மானம் எடுத்தவர்கள் செலுத்தவில்லை.

காவற் கப்பல் யாரைக் காத்தது என்ற வினாவை எழுப்பும்போதுதான் நமது விடயம் முழுமை பெறுகின்றது. பொருளைக் காத்தது என்பது ஒரு விடை. பாசிசத்தை எதிர்த்து நின்ற மக்களின் உணவையும் எரிபொருளையும், 1941 யூனுக்குப் பின்னர் சோவியத் மக்களுக்குச் சென்ற ஆயுதங்களையும் இவ்வகைக் கப்பல்கள் காத்தன. அதனைக் குறைத்து மதிப்பிடுவது வரட்டுவாதமாகும். ஆயின் பொருளை ஏற்றிச் சென்ற கப்பல்களில் மனிதர் இருந்தனர். போருக்கு முந்திய ஆண்டில் பிரித்தானிய வணிகக் கப்பல்களில் வேலை செய்தோருள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர் இந்திய மாலுமிகள். சில்ஹெட்டிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் வந்தோர் பெரும்பாலும் எஞ்சின் அறையில் நிலக்கரி அள்ளினர். டோர்ப்பிடோ தாக்கினால் வெளியேற வழி மிகக் குறைவான இடம் அது. வெள்ளையின மாலுமியின் சம்பளத்தில் மூன்றிலொரு பங்கிற்கும் குறைவாகவே அவர்களுக்குக் கிடைத்தது. 1939 இறுதியில் பிரித்தானியத் துறைமுகங்களில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பலர் சிறை சென்றனர். சம்பள உயர்வும் பெற்றனர். 1940 செப்டெம்பரில் ‘சிற்றி ஒஃப் பெனாரஸ்’ மூழ்கியபோது 77 சிறுவர் இறந்ததை உலகம் சரியாகவே நினைவிற் கொண்டது. அக்கப்பலில் இறந்த மாலுமிகளுட் பெரும்பான்மையோர் இந்தியர் என்பதை எத்தனை பேர் அறிவர்?

கப்பல் மூழ்கிய நிமிடமே மாலுமியின் சம்பளம் நின்றது என்று சொல்வதுண்டு. உண்மை சற்றுச் சிக்கலானது. கப்பலோடு ஒப்பந்தமும் முடிந்தது. 1925ஆம் ஆண்டுச் சட்டமொன்று வேலையின்றி இருக்கும் காலத்துக்கு இரண்டு மாதம் வரை இழப்பீடு பெற இடமளித்தது. தொடர்ச்சியான வேலையும் ஊதியமும் 1941 மே மாதத்து அரசாங்க ஆணையின் பின்னரே பிரித்தானிய மாலுமிகளுக்கு உறுதியாயின. போர் தொடங்கி அப்போது ஒன்றரை ஆண்டுக்கு மேலாகிவிட்டது.

இப்பின்னணியில் நாவலுக்குத் திரும்புவோம். மொன்சராட் போருக்கு முன்னர் இடதுசாரிச் சார்பும் சமாதானவாதக் கொள்கையும் கொண்டிருந்தவர். கடற்படையில் இருந்துகொண்டே 1942இல் கோர்வெட் வாழ்க்கை பற்றிய நூலொன்றை வெளியிட்டார். களைப்பு, குளிர், வாந்தி, பயம் ஆகியவற்றை அவர் எழுதிய பாங்கில் அனுபவத்தின் உண்மை உண்டு. நீரில் மிதக்கும் மனிதருக்கு நேர்கீழே நீர்மூழ்கி இருப்பதாக அஸ்டிக் காட்ட, கப்டன் எரிக்சன் அவர்கள் மீதே ஆழ்நீர்க் குண்டுகளைப் போடும் பகுதி, போர் மனிதனை எந்த முரண்பாட்டினுள் தள்ளுகின்றது என்பதைக் காட்டுவதில் பல போர் எதிர்ப்பு நாவல்களை விஞ்சி நிற்பது. ஜிப்ரோல்டர் வழியில் பெண்கள் இறக்கும் அத்தியாயத்தில் அகிலாவையும், கொம்பஸ் ரோஸ் மூழ்கும் பகுதியில் ஸினியாவின் நிழலையும் நாம் காண்கின்றோம். கம்பானுலா மூழ்கவில்லை, போர் முடியும் வரை உழைத்து, 1947இல் உடைப்பதற்கு விற்கப்பட்டது.

எனினும் நாவலின் தலைப்பே அதன் எல்லையைச் சுட்டுகின்றது. கொடுமை கடலுக்கு உரியதாகிறது. கடல் எப்போதும் உள்ளது. அதற்குக் காரணமில்லை, வர்க்கமில்லை, கணக்குப் புத்தகமில்லை. 1941 ஓகஸ்டில் காவலுக்கு விமானம் ஏன் இருக்கவில்லை என்ற வினா அலையோசையிற் கரைந்து போகின்றது. நாவலின் உணர்வு மையம் கப்பலின் மேற்றளத்து அதிகாரிகளே. கீழ்த்தளத்தார் பெரும்பாலும் நகைச்சுவைக்கு வருகின்றனர். வணிக மாலுமிகளோ எரியும் எண்ணெயில் அலறும் குரல்களாகவே வருகின்றனர். நாவல் எழுதப்பட்ட காலத்தில் ஆசிரியர் ஜொகான்னஸ்பேர்க்கில் பிரித்தானிய அரசின் தகவற் பணிமனைக்குப் பொறுப்பாக இருந்தார். 1948இல் அந்நாட்டில் நிறவெறி ஆட்சி நிலைபெற்றது. கறுப்பினத்தாரின் உழைப்பு கண்ணெதிரே இருந்தும் காணப்படாதிருக்கும் ஒரு சமூகத்தில் இருந்தே அத்திலாந்திக்கின் கதை எழுதப்பட்டது. இது தற்செயலாகவும் இருக்கலாம், நாம் வற்புறுத்தவில்லை.

நமது கரைக்கும் இவ்வகுப்புக் கப்பலொன்றின் தொடர்பு உண்டு. 1942 ஏப்பிரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹேர்மிஸ்’ என்ற விமானந்தாங்கியை மூழ்கடித்ததை நம்மவர் அறிவர். அன்றே ‘அத்தெல்ஸ்ரேன்’ என்ற எண்ணெய்க் கப்பலுக்குக் காவலாகச் சென்ற ‘ஹொலிஹொக்’ என்ற கோர்வெட்டும் குண்டுபட்டு மூழ்கியது. காவல் பெற்ற கப்பலும் தப்பவில்லை. அவற்றைப் பற்றி எவரும் நாவல் எழுதவில்லை.

இலண்டன் டவர் ஹில்லில், 1955இல் திறக்கப்பட்ட நினைவகத்தில், இரண்டாம் போரில் இறந்த வணிக மாலுமிகள் ஏறக்குறைய 24,000 பேரின் பெயர்கள் வெண்கலத் தகடுகளிற் பொறிக்கப்பட்டுள்ளன. இந்திய மாலுமிகளின் பெயர்கள் அங்கில்லை. இந்தியக் கடற்படையினரும் வணிக மாலுமிகளுமாக ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரின் பெயர்கள் ஒரு புத்தகத்தில் எழுதப்பட்டு, ஒரு பிரதி மும்பையிலும் மற்றொன்று சிட்டகொங் போர் மயானத்திலும் வைக்கப்பட்டுள்ளன.