வேகம் பெரிதா, நேரம் பெரிதா?

பிளஸ் டூ பரீட்சை முடிவுகள் வெளியானதும் திருநெல்வேலிச் சீமையின் வீடுகளில் ஒரு விவாதம் ஆரம்பமாகிவிடுகிறது: கல்லூரிக்குப் போகும் குழந்தைக்கு எந்த மடிக்கணினி வாங்குவது? 2011-ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசாங்கம் பள்ளி மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, தாமிரபரணிக் கரையில் பல இல்லங்களுக்கு முதல் கணினி அவ்வாறே வந்து சேர்ந்தது. அதில் தேர்ந்தெடுக்கும் தொல்லை கிடையாது. சொந்தப் பணத்தில் ஐம்பதினாயிரம், அறுபதினாயிரம் கொடுத்து வாங்கும்போதோ பொறுப்பு முழுவதும் நம் தலையில் விழுகிறது.

கடைக்காரர் முதலில் சொல்வது, கணினியின் மூளையாகிய பிராஸஸரின் எண்ணை. 'ஐ-5 நல்லது; ஐ-7 அதனினும் நல்லது' என்பது அவருடைய சித்தாந்தம். அது பொய்யன்று, ஆனால் பாதி உண்மையே.

மற்றப் பாதியை நம் ஊர் விவசாயி அறிவார். பாபநாசம் அணை 143 அடி நிரம்பி நின்றாலும், மதகை எவ்வளவு திறக்கிறோம் என்பதைப் பொறுத்தே பிசானப் பயிருக்குத் தண்ணீர் நிற்கும். மடிக்கணினியின் பாட்டரிதான் அணை. பிராஸஸர் அதன் பெரிய மதகு. 50 வாட்-மணி பாட்டரியிலிருந்து கணினி சராசரியாக 8 வாட் எடுத்தால் ஆறு மணி நேரம் தாங்கும். 25 வாட் எடுத்தால் இரண்டே மணி நேரம்.

வேகத்துக்கு இவ்வளவு விலை ஏன்? சில்லின் துடிப்பை விரைவாக்க, வோல்டேஜையும் உயர்த்த வேண்டியிருக்கிறது. செலவாகும் மின்சாரமோ துடிப்பின் அளவிலும் வோல்டேஜின் வர்க்கத்திலும் ஏறுகிறது. இரண்டையும் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், கணக்குப்படி மின்செலவு ஏறக்குறையப் பாதியாகிவிடும். சிறிது வேகத்தை விட்டுக்கொடுப்பவருக்குப் பெரிய லாபம் என்பது இதனால் விளங்கும்.

ஆகவே எண்ணைவிட அதன் பின்னால் வரும் எழுத்தைக் கவனிப்பது நலம். இண்டெல் பிராஸஸர்களில் 'யு' என்று முடிபவை பெரும்பாலும் 15 வாட் அளவுக்கு அமைந்தவை. 'எச்' என்று முடிபவை பல தலைமுறைகளாக 45 வாட். சில புதியவற்றில் 28 வாட். ஏஎம்டி கம்பெனியாரும் சிக்கனச் சில்லுகளுக்கு 'யு' என்றே பெயரிடுகின்றனர். 2020-இல் ஆப்பிள் கம்பெனியார் 'எம்-1' சில்லின் மூலம், வேகமும் நீண்ட நேரமும் ஒருங்கே கிட்டக்கூடும் என்று காட்டினர். 2024 முதல் விண்டோஸ் கணினிகளிலும் அவ்வினத்துச் சில்லுகள் பரவலாக வந்துள்ளன. ஆயினும் இண்டெல் இனத்துக்கென எழுதப்பட்ட சில மென்பொருள்கள் அவற்றில் சரிவர ஓடுவதில்லை. கல்லூரியில் கேட்டறிந்த பிறகே வாங்க வேண்டும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழகத்துக்கு நாள்தோறும் ரயிலும் பஸ்ஸும் ஏறிப் போய்வரும் பெண்ணை எண்ணிப் பார்ப்போம். அவள் செய்வது எழுதுதல், படித்தல், பாடங்களைப் பார்த்தல், சிறு நிரல்கள் இயற்றுதல். இவற்றுக்கு 'யு' தாராளமாகப் போதும். பிற்பகல் இரண்டு மணிக்கே அணைந்துபோகும் ஐ-7, மாலை வரை விழித்திருக்கும் ஐ-3-க்கு ஈடாகாது. கட்டட வரைபடமோ சலனப்படத் தொகுப்போ பயிலும் மாணவனுக்கு மட்டும் 'எச்' தேவை. அவன் மேஜையருகே மின்சார இணைப்பும் தேவை.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றே: பிராஸஸர் எத்தனை வாட்? பாட்டரி எத்தனை வாட்-மணி? எடை எவ்வளவு? இவற்றுக்கு விடை தெரியாத கடையில் பணத்தை எண்ணி வைக்க அவசரம் வேண்டாம். மிச்சமாகும் தொகை ஒரு பருவத்துப் புஸ்தகச் செலவுக்காவது உதவும்.