அழற்சியை அமர்த்தும் அடினோசின்

ஊவாத் தோட்டங்களில் கவ்வாத்துக் கத்தி காலில் பட்டுவிடுவது புதிதல்ல. துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் மலைக்கு ஏறுவார்கள், பெரும்பாலும் ஆறிவிடும். ஆறாத காயத்தின் கிருமித் தொற்றை எதிர்க்கப் புறப்பட்ட உடல், கட்டுமீறித் தன் உறுப்புகளையே சிதைக்கத் தொடங்கினால் அது செப்சிஸ். 2017இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் உயிர்கள் இதனோடு போயின.

இந்தச் சீற்றத்தை அடக்க உடல் வைத்திருக்கும் பொருள்களில் ஒன்று அடினோசின். அது உண்டாகும் விதம் வியக்க வைப்பது. கலங்களுக்குள் ஆற்றலைச் சுமக்கும் ஏடிபி, கலம் கிழிந்தால் வெளியே கசிகிறது. அதை உணர்ந்து வெண்குருதிக் கலங்கள் ஓடிவருகின்றன. பிறகு சிடி39, சிடி73 என்ற இரண்டு நொதியங்கள் அதன் பொசுபேற்றுகளை நறுக்கிவிட, மிஞ்சுவது அடினோசின். ஆளைக் கூப்பிட்ட பொருளே உருமாறி, வந்தவர்களை அமர்த்துகிறது! வெண்குருதிக் கலங்களின் மேலுள்ள ஏ2ஏ என்ற வாங்கியில் அது ஒட்டியதும், அழற்சியை மூட்டும் டிஎன்எஃப் சுரப்பது குறைகிறது. 2001இல் ஒட்டாவும் சிட்கோவ்ஸ்கியும் இந்த வாங்கி இல்லாத சுண்டெலிகளுக்கு, மற்றவை எளிதில் தாங்கும் அளவே அழற்சித் தூண்டியைக் கொடுத்தார்கள். அவற்றின் இழையங்கள் கடுமையாகச் சிதைந்தன.

அப்படியானால் செப்சிஸ் நோயாளிக்கு அடினோசினைக் கூட்டிவிடலாமே? முடியாது. அடக்குவது அளவு மீறினால் கிருமியைக் கொல்ல ஆளிருக்காது. செப்சிஸ் உண்டாக்கிய சுண்டெலிகளில் ஏ2ஏயை முடக்கியபோது கூடுதலானவை பிழைத்தன; ஏ2பி என்ற இன்னொரு வாங்கி இல்லாதவையோ கூடுதலாக இறந்தன.

தோட்டத்துக் கொழுந்துக்கும் இதில் உறவுண்டு. தேயிலையிலுள்ள கஃபீனும், 1888இல் ஆல்பிரெக்ட் கொசெல் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்த தியோஃபிலினும் அடினோசின் வாங்கிகளை அடைப்பவை. தேநீர் தூக்கத்தைக் கலைப்பது, மூளையில் அடினோசினுக்குரிய இடத்தைக் கஃபீன் பிடித்துக்கொள்வதால்தான். அதற்காகத் தேநீரைச் செப்சிஸுக்கு மருந்தாக எண்ணிவிடக் கூடாது.

அடினோசினைக் கூட்டியோ குறைத்தோ செப்சிஸைக் குணமாக்கும் முறை இன்னும் வார்ட்டுக்கு வரவில்லை. அங்கே இருப்பது கிருமிக்கொல்லி, சேலைன், ஒட்சிசன். அவையும் மணிக்கணக்கில் பிந்தினால் பலன் குறையும். காயம்பட்டவருக்குக் காய்ச்சலோடு மூச்சு வாங்கினால், பேச்சு தடுமாறினால், சிறுநீர் குறைந்தால், விடியட்டும் என்று லயத்தில் படுக்க வைக்காதீர்கள். இரவானாலும் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.