உற்சாகக் காணிக்கையும் பாக்கிக் கணக்கும்



வழக்கமாக இந்தப் பக்கத்தில் வார்டுச் செய்திகளையும் ஜெபக் குறிப்புகளையும் எழுதுவோம். இந்த முறை காணிக்கை கொடுப்பதைக் குறித்தே எழுத விரும்புகிறோம். "ஆஸ்பத்திரியில் பணமுடை வந்திருக்கும், அதுதான் எழுதுகிறார்கள்" என்று நீங்கள் நினைக்கலாம். பணமுடை எப்போதும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் இதை எழுதத் தூண்டியது அது அல்ல. பழைய மணியார்டர் கூப்பன் ஒன்றுதான்.

மணியார்டர் நடப்பில் இருந்த நாட்களில் உங்களில் அநேகர் அதன் மூலமாகவே காணிக்கை அனுப்பினீர்கள். கூப்பனில் எழுத நாலு விரல் இடம்தான் இருக்கும். அந்த இடத்திலும் பேரன் பிறந்த செய்தி, மழை பெய்த செய்தி, ஒரு ஜெப விண்ணப்பம் என்று ஏதாவது வந்துவிடும். அவற்றை எங்கள் காலை ஜெபத்தில் வாசிப்போம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பல வருஷங்களாக மாதந்தோறும் அனுப்பி வந்தார். அவருடைய கூப்பனுக்காகவே காத்திருப்போம். அவ்வளவு அருமையாக எழுதுவார்.

ஒரு வருஷம் எங்களுக்கு மிகவும் நெருக்கமாக இருந்தது. மருந்துக் கம்பெனிக்குப் பாக்கி, ஆக்ஸிஜன் சிலிண்டருக்குப் பாக்கி, ஊழியர் சம்பளத்தில் பாதி நின்றுவிட்டது. அப்போது கமிட்டியில் ஒரு யோசனை வந்தது. ஜனவரி மாதத்தில் பங்காளர்கள் எழுதித் தரும் பொருத்தனை அட்டையைப் பார்த்து, யார் யார் எத்தனை மாதம் அனுப்பவில்லை என்று கணக்கிட்டு, கடிதத்தின் அடியில் "நிலுவை" என்று ஒரு கட்டம் போட்டு, தொகையைச் சிவப்பு மையில் எழுதி அனுப்பினோம். பலன் கிடைத்தது. அந்த மாதம் வந்த தொகை முந்தின மாதங்களைவிட அதிகம். தேவனுக்கு ஸ்தோத்திரம் என்று கமிட்டி குறிப்புப் புத்தகத்தில்கூட எழுதி வைத்தோம்.

ஆசிரியையின் மணியார்டரும் வந்தது. மூன்று மாதத் தொகை, முழுவதும். கூப்பனில் இரண்டே சொற்கள்: "பாக்கி தீர்ந்தது."

அந்த மூன்று மாதமும் அவருடைய கணவர் படுத்த படுக்கையாக இருந்தார் என்பது பின்பு அவருடைய சபை ஆயர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்டு எழுதினோம். பதில் அன்பாகவே வந்தது. மணியார்டர் மட்டும் பிறகு வரவில்லை. சமீபத்தில் பழைய கோப்புகளை அடுக்கும்போது அந்தக் கூப்பன் மறுபடியும் கையில் அகப்பட்டது.

உற்சாகமாய்க் கொடுக்க வேண்டும் என்று பிரசங்க பீடங்களிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறோம். எல்லாப் பிரசங்கமும் கொடுக்கிறவரைப் பார்த்துத்தான். அந்த உற்சாகத்தைக் கெடுக்கும் வல்லமை கேட்கிறவர்களிடமும் இருக்கிறதே, அதைப்பற்றி யார் பேசுகிறார்கள்? ஆகவே அப்போஸ்தலனாகிய பவுல் இந்த விஷயத்தில் எப்படி நடந்துகொண்டார் என்று நாங்கள் திரும்ப உட்கார்ந்து வாசித்தோம். (விதவையின் இரண்டு காசைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பிரசங்கம் உங்களுக்கே மனப்பாடமாயிருக்கும்.)

எருசலேம் சபையார் வறுமையில் இருந்தார்கள். கிலவுதியுராயனுடைய நாட்களில் பஞ்சம் உண்டானதை அப்போஸ்தலருடைய நடபடிகளில் வாசிக்கிறோம். யூதேயாவிலிருந்த அந்தச் சகோதரருக்காகப் புறஜாதியாரின் சபைகளில் பணம் சேர்க்கும் வேலையைப் பவுல் பல வருஷம் செய்தார். கலாத்தியா, மக்கெதோனியா, அகாயா நாட்டுச் சபைகள் எல்லாம் இதில் சேர்ந்தன. இவற்றில் கொரிந்து செழிப்பான பட்டணம். இருபுறமும் துறைமுகம், நல்ல வியாபாரம். அங்கேயிருந்த விசுவாசிகள் ஒரு வருஷத்துக்கு முன்பே முந்திக்கொண்டு சம்மதம் தெரிவித்தார்கள். அவர்களுடைய ஆர்வத்தைச் சொல்லித்தான் பவுல் மக்கெதோனியரை எழுப்பிவிட்டார். மக்கெதோனியரோ தங்கள் கொடிய தரித்திரத்திலும், எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வருந்திக் கேட்டுக் கொடுத்தார்கள். முதலில் சொன்ன கொரிந்தியருடைய காரியம் பாதியில் நின்றது. இடையில் அவர்களுக்கும் பவுலுக்கும் மனஸ்தாபம். வாக்குக் கொடுத்த பணம் வந்துசேரவில்லை.

பாருங்கள், எங்களுக்கு நேர்ந்த அதே நிலைமைதான். நாங்கள் சிவப்பு மையை எடுத்தோம். பவுல் 2 கொரிந்தியர் 8, 9-ஆம் அதிகாரங்களை எழுதினார்.

இந்த இரண்டு அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். ஞாபகப்படுத்தாமல் அவர் இருந்துவிடவில்லை. ஆரம்பித்ததை முடியுங்கள் என்று தெளிவாகவே சொல்லுகிறார். மக்கெதோனியர் என்னுடன் வரும்போது நீங்கள் ஆயத்தமாக இல்லாவிட்டால் நம் இருவருக்குமே வெட்கமாகிவிடுமே என்றுகூடச் சொல்லுகிறார். ஆனால் ஓரிடத்திலும் தொகை இல்லை. இன்னும் ஆச்சரியம், மூலபாஷையாகிய கிரேக்கில் "பணம்" என்ற சொல்லே இந்த இரண்டு அதிகாரங்களிலும் இல்லை. அதைக் கிருபை என்கிறார், ஐக்கியம் என்கிறார், ஊழியம் என்கிறார், ஆசீர்வாதம் என்கிறார். கட்டளையாக இதைச் சொல்லவில்லை என்று தாமே விளக்குகிறார். ஒருவனிடம் இருப்பதைக் கொண்டு அவனுடைய காணிக்கை மதிக்கப்படுமே அல்லாமல், இல்லாததைக் கொண்டு அல்ல என்கிறார். இந்த ஒன்றை மாத்திரம் அந்த வருஷம் நாங்கள் யோசித்திருந்தால், கணவரைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவுக்கு அந்தக் கடிதம் போயிருக்காது.

பணத்தைத் தாம் ஒருவராகக் கையாளவும் பவுல் சம்மதிக்கவில்லை. தீத்துவோடுகூட இன்னும் இரண்டு சகோதரரை அனுப்புகிறார். அவர்களில் ஒருவர் சபைகளாலேயே தெரிந்துகொள்ளப்பட்டவர். இவ்வளவு பெரிய தொகையில் யாரும் எங்கள்மேல் குற்றம் சொல்லக்கூடாது என்பதே காரணம். எங்கள் கணக்குகளை ஆடிட்டரிடம் கொடுத்து, வருடந்தோறும் இந்தச் செய்திமடலில் அச்சிடுவதற்கும் இதுதான் ஆதாரம். கொடுக்கிறவர் மனதில் சந்தேகம் நுழைந்தால் உற்சாகம் அங்கே தங்காது.

"உற்சாகம்" என்று நம்முடைய தமிழ் வேதாகமத்தில் வரும் சொல்லுக்குக் கிரேக்கில் "ஹிலரோஸ்" என்று இருக்கிறது. முகம் மலர்ந்து, களிப்போடு என்று பொருள். தமிழில் இன்னொரு அழகு உண்டு. மோசேயின் நியாயப்பிரமாணத்தில், எந்தச் சட்டமும் கேட்காமல் ஒருவன் தானாக மனமுவந்து கொண்டுவரும் பலிக்கு "உற்சாகபலி" என்று நம் மொழிபெயர்ப்பாளர்கள் பெயர் வைத்தார்கள். ஆகவே நம் காதில் உற்சாகம் என்பது வெறும் சிரித்த முகம் மட்டுமல்ல. யாரும் கட்டாயப்படுத்தாதது என்ற அர்த்தமும் அதில் ஒட்டியிருக்கிறது. ஆசரிப்புக் கூடாரம் கட்டினபோது ஜனங்கள் காலைதோறும் அப்படிக் கொண்டுவந்து குவித்தார்கள். போதும், இனி ஒருவரும் கொண்டுவர வேண்டாம் என்று மோசே பாளயமெங்கும் கூறச்சொல்லி நிறுத்த வேண்டியதாயிற்று. எங்கள் ஆஸ்பத்திரிக்கு அப்படி ஒரு அறிவிப்புக் கொடுக்கும் சந்தர்ப்பம் இதுவரை வாய்க்கவில்லை!

இன்னொரு விதத்திலும் இந்த உற்சாகம் கெடுகிறது. நூறு கொடுத்தால் ஆயிரமாய்த் திரும்ப வரும் என்று இந்நாட்களில் சிலர் போதிக்கிறார்கள். விதைப்பையும் அறுப்பையும் குறித்துப் பவுல் இதே இடத்தில்தான் எழுதுகிறார் என்பது மெய்தான். ஆனால் அவர் சொல்லும் அறுப்பு எது? இன்னும் கொடுக்கத்தக்கதாக நமக்குப் போதுமானது இருப்பதும், பெற்றுக்கொண்டவர்கள் தேவனை ஸ்தோத்திரிப்பதும்தான். லாபத்தை எண்ணிக்கொண்டு கொடுக்கிறவன் சிரிக்கலாம். அந்தச் சிரிப்பு வியாபாரியின் சிரிப்பு. நோயாளிகளுக்காக வரும் காணிக்கையை அந்த வாக்குறுதியைச் சொல்லி வாங்க எங்களுக்கு மனமில்லை.

அப்படியானால் உற்சாகம் எங்கேயிருந்து வரும்? கூட்டத்தில் பாட்டும் மேளமுமாக இருக்கும்போது வருவதும் ஒன்று உண்டு. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் நம் ஊர்களில் ஒரு எலுமிச்சம்பழத்துக்கும் முதல் ஈற்று முட்டைக்கும் கடைவிலையைப்போல் எத்தனையோ மடங்கு கேட்பார்கள்; எல்லாரும் கைகொட்டிச் சிரிப்பார்கள். அதை நாங்கள் குறை சொல்லமாட்டோம், எங்களில் சிலரே ஏலத்தில் கேட்டு வீட்டில் வசவு வாங்கியிருக்கிறோம். ஆனாலும் பவுல் கொரிந்தியருக்குச் சொல்லிக்கொடுத்த வழி வேறு. வாரத்தின் முதல் நாளில் அவனவன் தன் வரவுக்குத் தக்கதாக வீட்டிலேயே எடுத்து வைக்கட்டும். நான் வந்த பிறகு பணம் சேர்க்க வேண்டாம் என்று முதல் நிருபத்திலேயே எழுதிவிட்டார். பேச்சாளர் வந்து நிற்கும் நேரத்தில் வரும் உணர்ச்சியை அவர் நம்பவில்லை போலும். யாரும் பார்க்காத வேளையில் மனதில் தீர்மானித்து, முன்பாகவே பிரித்து வைத்ததைக் கொடுக்கும்போது கை நடுங்காது.

இதற்கு நாங்கள் அறிந்த நல்ல சாட்சி மிசோரம் சபைகளிலிருந்து வருகிறது. "பூஃபாய் தாம்" என்று மிசோ மொழியில் சொல்லுவார்கள். கைப்பிடி அரிசி என்று அர்த்தம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்த மலைநாட்டில் ரொக்கப் பணத்தைக் காண்பதே அரிதாயிருந்த காலத்தில், அங்குள்ள கிறிஸ்தவப் பெண்கள் இதை ஆரம்பித்தார்கள். சமைக்க அரிசி எடுக்கும் ஒவ்வொரு வேளையும், உலையில் போடுவதற்கு முன் ஒரு பிடியைத் தனிப் பாத்திரத்தில் போடுவார்கள். அது சேர்ந்தவுடன் சபைப் பெண்கள் வாங்கிப்போவார்கள். சபை அதை விற்று ஊழியத்துக்குச் செலவிடும். இன்றைக்கும் நடக்கிறது. அந்த அரிசியின் உதவியால் தங்கள் மாநிலத்துக்கு வெளியேயும் மிஷனெரிகளை அனுப்பித் தாங்குகிறார்கள். நம் தமிழ்ச் சபைகளிலும் பிடி அரிசி பிரித்து வைத்த வீடுகளை உங்களில் மூத்தவர்கள் நினைவுகூருவீர்கள்.

இதில் நாங்கள் கவனித்தது என்னவென்றால், மிஞ்சினதிலிருந்து எடுப்பதில்லை. சமைக்கும் முன்பே எடுத்துவிடுகிறார்கள். அந்த ஒரு பிடியினால் சாப்பாடு குறைந்துபோவதும் இல்லை. சமைக்கிற அம்மாவுக்கே அந்த அதிகாரம். நிலமும் பணப்பெட்டியும் ஆண்கள் கையில் இருந்த நாட்களில், யாரிடமும் கேட்காமல் அவர்கள் தங்கள் கையினால் கொடுக்க முடிந்தது இதுதான். அரிசியே இல்லாத நாளில் பிடி அரிசியும் இல்லை. மறுநாள் அதை யாரும் நிலுவையாக எழுதிவைக்க முடியாது.

ஆகவே எங்கள் பொருத்தனை அட்டையில் நிலுவைக் கட்டத்தை எடுத்துவிட்டோம் என்பதை இங்கே தெரிவிக்கிறோம். நீங்கள் எழுதின தொகையைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தியும் விடலாம். காரணம் எழுத வேண்டியதில்லை. தேவை எப்போது எவ்வளவு என்பதை மறைக்காமல் இந்தப் பக்கத்தில் எழுதுவோம். இதனால் வரவு குறையும் என்று கமிட்டியில் ஒருவர் இன்னும் கவலைப்படுகிறார். அவருடைய கவலை நியாயமானதுதான். அவருக்காகவும் ஜெபியுங்கள்.

கொரிந்தியர் கடைசியில் கொடுத்தார்கள். ரோமருக்கு எழுதின நிருபத்தில், மக்கெதோனியரும் அகாயாவினரும் சகாயம் செய்திருக்கிறார்கள் என்று பவுல் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறார். அதே இடத்தில் அவருக்கு வேறொரு பயம் இருந்தது தெரிகிறது. எருசலேமிலுள்ள பரிசுத்தவான்கள் இந்த உதவியை ஏற்றுக்கொள்ள வேண்டுமே, அதற்காக ஜெபியுங்கள் என்று கேட்கிறார். பெற்றுக்கொள்ளுகிறவனுக்கும் ஒரு மானம் உண்டல்லவா! பில் கட்ட முடியாமல் எங்கள் கவுண்டர் முன் நிற்கிறவர்களின் முகத்தைத் தினமும் பார்க்கிற எங்களுக்கு அந்தப் பயம் நன்றாகப் புரிகிறது.

சில மாதங்களுக்கு முன் கட்டுவிரியன் கடித்து ஒரு பையனைத் தூக்கிவந்தார்கள். விஷமுறிவு மருந்தும் பல நாள் வென்டிலேட்டருமாகப் பில் பெரிதாகிவிட்டது. உங்கள் காணிக்கையில் நடக்கும் ஏழை நோயாளர் நிதியிலிருந்து அதைச் சரிக்கட்டினோம். தேவ கிருபையால் பையன் பிழைத்தான். வீட்டுக்குப் போகிற நாளில் தாயார் கவுண்டருக்கு வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, நூற்று முப்பது ரூபாயை எடுத்து வைத்தார்கள். பில்லை முடித்தாகிவிட்டதம்மா, பஸ்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று காஷியர் திருப்பிக் கொடுத்தார்.

"பஸ்ஸுக்குத் தனியா வச்சிருக்கேன் சார். இது பில்லுக்கு இல்ல. அடுத்து வர்ற பிள்ளைக்கு. ரசீது போட்டுக் குடுங்க."

காஷியர் காணிக்கை ரசீதுப் புத்தகத்தை எடுத்து, உங்களுக்கெல்லாம் எழுதும் அதே புத்தகத்தில், அடுத்த எண்ணைப் போட்டு எழுதிக் கொடுத்தார். விலாசமும் வாங்கிக்கொண்டார். இந்தச் செய்திமடல் இப்போது அந்த வீட்டுக்கும் போகிறது. பையன் வாசித்துக் காட்டுவானாம்.